எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர் வீட்டிலேயே கைவினையும் டெக்னாலஜியும் கலந்து ஏதாவது செய்ய முடியுமா? எந்த கிட் வாங்கலாம்?

செய்யலாம். ஆனால் கிட் வாங்காதீர்கள்.

நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, ஏதோ ஒரு கிட்டை கார்ட்டில் போட்டு வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெட்டி வந்ததும் எல்இடியை எரிய விடுவீர்கள், பஸ்ஸரைக் கத்த விடுவீர்கள், அப்புறம் அது பரணுக்குப் போய்விடும். என்ன செய்யப்போகிறோம் என்று மனசில் ஒரு பொருள் இல்லாமல் உதிரிபாகம் வாங்கினால் அப்படித்தான் ஆகும்.

நான் பி.காம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். ஓம் விதியெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் எங்கள் வீட்டில் பாட்டுப் பாடுவது நான் செய்த பானை ஸ்பீக்கர்தான். "இது பழைய சங்கதியாச்சே" என்று கிளம்பாதீர்கள், எனக்கும் தெரியும். டேப் ரெக்கார்டர் காலத்தில் டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும் 4440 என்ற ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) போட்ட ஆம்ப்ளிஃபயரும், பானை வாயில் கவிழ்த்த ஸ்பீக்கரும் சர்வசாதாரணம். நான் அதில் புளூடூத்தைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

பானைக்குக் காருகுறிச்சி போனேன். நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது பானை, அடுப்பு வாங்குகிற ஊரும்கூட. சுட்ட பானையின் வயிற்றில் ஸ்பீக்கருக்குத் துளை போட முடியுமா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "சுட்டதுல ஓட்டை போட்டா அது உன் அதிர்ஷ்டம் தம்பி. ஈரத்துலயே வெட்டித் தாரேன், சாமானைக் கொண்டா" என்றார். மூன்று அங்குல ஸ்பீக்கரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மண் காயும்போதும் சுருங்கும், சூளையிலும் சுருங்கும். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்குத் தக்கபடி கண்ணளவிலேயே கூட்டி வெட்டினார். ஸ்கேல் கிடையாது, பென்சில் கிடையாது. சுட்டு வந்த பானையில் ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த வேலையில் உண்மையான டெக்னாலஜி இதுதான் என்பேன். என் பங்குக்குச் செய்தது ஒயரை ஒட்டியது.

அந்த ஒயர் சமாச்சாரமும் சின்னதுதான். பிஏஎம் 8403 என்ற சில்லு உள்ள, புளூடூத்தும் சேர்ந்தே வரும் போர்டு ஒன்று வாங்கினேன். 5 வோல்ட், அதாவது பழைய செல்போன் சார்ஜர் போதும். 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் சில்லு காலி. 4 ஓம் ஸ்பீக்கரில் ஒரு பக்கத்துக்கு 3 வாட் வரை தரும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை கிரவுண்டோடு, அதாவது சார்ஜரின் மைனஸோடு, சேர்க்கக் கூடாது, நேராக போர்டுக்கே போக வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து செல் எடுக்கச் சொல்லும் வீடியோக்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் சும்மா போகாது.

பானையின் வாயை மூடக் கூடாது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, பானைக்குள்ளும் அதேதான் நடக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்பார்கள். பேஸ், அதாவது கனத்த ஒலி, அந்த வாய் வழியாகத்தான் வருகிறது. எதிரொலி அடங்க உள்ளே ஒரு பிடி இலவம்பஞ்சு. முகப்புக்குப் பத்தமடைப் பாய்த் துண்டை வைத்துப் பார்த்தேன். பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் நெசவு நெருக்கம், ட்ரெபிளை, அதாவது கீச்சு ஒலியை, விழுங்கிவிடும். அதனால் இடைவெளி விட்டு முடைந்த பனையோலைதான் இப்போது இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகள் இதே போல இன்னொன்று செய்து பள்ளிக் கண்காட்சியில் வைத்தாள். சால்டரிங் அவளே பிடித்தாள். நடுவராக வந்தவர் கேட்ட ஒரே கேள்வி, "இதுல சென்சார் எங்கம்மா?" பாட்டுப் பாடுகிற பானைக்கு எதற்கு ஐயா சென்சார்? முதல் பரிசு, கடையில் வாங்கிய கிட்டை அப்படியே திருகாணி மாட்டி ஓட விட்ட காருக்குப் போனது. அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பெண் பிள்ளை சால்டரிங் பிடிப்பதா என்று உறவில் ஒருவர் முனகியதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதில் ஆகிவிடும்.

உங்கள் ஊரில் மண்ணோ, மரமோ, ஓலையோ கைவேலை செய்கிறவர் யாராவது இருப்பார். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். போர்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். பானைக்கு அவர் சொல்கிற விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள்.

அப்புறம், "கல்யாண வீட்டுக்கு இந்தச் சத்தம் பத்துமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: பத்தாது. இது 3 வாட்.