ரீபில்ட் ரோட்டரி எஞ்சின் போய்விட்டால் வாரண்டி கிடைக்குமா?

வாரண்டியோடு ரீபில்ட் எஞ்சின் (பிரித்துப் புதுப்பித்த எஞ்சின்) போட்ட மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார், சூடானபின் ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கார் தயாரிப்பு 2012-இலேயே நின்றுவிட்டதால் மஸ்டாவின் வாரண்டியை நம்ப முடியாது. ரீபில்ட் செய்தவர்தான் பொறுப்பு.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை. ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வதால், அதை ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில்தான் எடுக்க வேண்டும். சாதாரண பிஸ்டன் கேஜ், ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டுமே காட்டும்; ஒரு முனையில் அபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில் அழுத்தம் கசியாமல் தடுக்கும் பட்டை) போயிருந்தாலும் தெரியாது. இரண்டு ரோட்டர்களின் ஆறு அளவுகளையும், அப்போதைய ஆர்பிஎம்மையும் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றியது என்பதையும்) எழுத்தில் வாங்குங்கள். ஆர்பிஎம் இல்லாத அளவை ஒப்பிடவே முடியாது. அதோடு ஆயில் ரசீதுகளையும் சேர்த்து ரீபில்ட் செய்தவரிடம் கொடுங்கள்.

அளவு குறைவு என்று உறுதியாகும்வரை எஞ்சினை வேறு யாரையும் பிரிக்க விடாதீர்கள்.

அப்புறம், இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) பழையதா? புது எஞ்சின் வந்தாலும் அதை மாற்றாமல் ஓட்டவே கூடாது.