மஸ்டாங் குதிரைகள்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திரியும் மஸ்டாங் குதிரைகள் ஸ்பானியர் கொண்டுவந்தவை என்று படித்தேன். வந்தேறிய விலங்குக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் எதற்கு?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: நீங்கள் படித்தது பாதிக் கதை. குதிரை இனம் தோன்றி வளர்ந்ததே வட அமெரிக்காவில்தான். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு அற்றுப்போய், பிறகு ஸ்பானியக் கப்பல்களில் பிறந்த மண்ணுக்கே திரும்பியது. தப்பியோடியவையும் கைவிடப்பட்டவையும் பெருகித்தான் இன்றைய மந்தைகள் உருவாயின.

சட்டம் வந்ததற்குக் காரணம் கொடுமை. 1950இல் நெவாடாவில் வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்த வெல்மா ஜான்ஸ்டன், முன்னே சென்ற லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்டு அதைப் பின்தொடர்ந்தார். உள்ளே, அடிமாடுகளைப் போல அடைக்கப்பட்ட காட்டுக் குதிரைகள் இருந்தன. விமானத்தால் விரட்டிப் பிடித்து, நாய்த் தீவனத்துக்காகக் கொல்வது அன்று வழக்கமாக இருந்தது. எதிரிகள் ஏளனமாகச் சூட்டிய ‘காட்டுக்குதிரை ஆனி’ என்ற பெயரையே ஏற்றுக்கொண்டு அவர் போராடினார். பள்ளிப் பிள்ளைகள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். பொது நிலங்களில் விமானத்தாலும் மோட்டார் வாகனங்களாலும் வேட்டையாடுவது 1959இல் தடைசெய்யப்பட்டது. 1971இல் வந்த முழுமையான பாதுகாப்புச் சட்டம், இக்குதிரைகளை மேற்கின் ‘முன்னோடி உணர்வின்’ உயிருள்ள சின்னங்கள் என்றது.

அந்தச் சொற்றொடர்தான் எனக்கு உறுத்துகிறது. முன்னோடிகள் என்று அங்கே சொல்லப்படுவோர் குடியேறிய வெள்ளையர். அவர்களுக்கு முன்பே அக்குதிரைகளோடு வாழ்ந்த பூர்வகுடிகளான லகோட்டா மக்களை அவ்வரி நினைக்கவில்லை. கூடாரக் கம்புகளில் மூட்டைகளைக் கட்டி நாய்களை இழுக்கவைத்து இடம்பெயர்ந்த அம்மக்கள், அந்தச் சுமையை ஏற்றுக்கொண்ட புதிய விலங்குக்குத் தங்கள் மொழியில் ‘புனித நாய்’ என்று பொருள்படும் ‘ஷுங்கா வகான்’ என்னும் பெயரை வைத்தார்கள். குதிரையை அவர்கள் உடைமையாகப் பார்ப்பதில்லை. ஒரு தனி இனமக்களாக, உறவினராகக் கருதுகிறார்கள். லகோட்டாக்களோடு நடந்த 1876 போருக்குப் பின் அமெரிக்கப் படை அவர்களுடைய குதிரைகளைப் பறித்தது வேட்டையையும் நடமாட்டத்தையும் ஒருசேர முடக்குவதற்காகத்தான். ஆனாலும் உறவு அறவில்லை: 1890இல் தம் முன்னோர் கொல்லப்பட்ட ஊண்டட் நீ என்னுமிடத்தை நோக்கி, 1986 முதல் டிசம்பர்க் குளிரில் இளைஞர்கள் குதிரையேறிச் செல்கிறார்கள்.

கேள்வி: சட்டம் இருந்தும் ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடிக்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மனிதர் கொல்ல இயலாமற்போனதாலும், இயற்கைப் பகை விலங்குகள் குறைவாக இருப்பதாலும் மந்தைகள் விரைவில் பெருகுகின்றன. காட்டுக் கழுதைகளையும் சேர்த்து ஏறத்தாழ 25,500 விலங்குகளைத்தான் நிலம் தாங்கும் என்கிறது அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை. 2024 கணக்கில் 73,000க்கு மேல் இருந்தன. வறண்ட நிலத்தில் புல்லும் நீரும் தீர்ந்தால் குதிரையே முதலில் வாடும் என்பதால், எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், அதே நிலத்தில் தனியார் மாடுகளும் மேய்கின்றன என்பதை மறைத்துவிட்டுக் குதிரையை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று. பிடிபட்டவற்றில் 60,000க்கும் மேற்பட்டவை பட்டிகளிலும் வாடகை மேய்ச்சல் நிலங்களிலும் அரசுச் செலவில் வாழ்கின்றன.

மாற்றுவழி உண்டு. மொன்டானா எல்லையிலுள்ள பிரையர் மலையில் பெண் குதிரைகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசியைத் தொலைவிலிருந்தே துப்பாக்கி ஊசியாகச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு குதிரையையும் அடையாளம் கண்டு, குறிப்பேட்டில் பதிந்து, மறுபடி மறுபடி போடவேண்டிய பொறுமையான வேலை அது. ஆனால் குதிரை தன் மந்தையை விட்டுப் பிரியவேண்டியதில்லை.