சித்தப்பா சொன்ன டிகிரியும் பிள்ளை கேட்கும் வயறிங்கும்

அம்மா,

மகளை இனி என்ன படிக்க விடுவது என்று கேட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. ஏ.எல். (உயர்தரம்) தொழில்நுட்பப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசெட் புள்ளி காணாததால் கம்பஸ் இல்லை. இதோடு பிள்ளையின் எதிர்காலம் முடிந்துவிடாது, கவலைப்படாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான். இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

லண்டன் சித்தப்பா சொல்லும் தனியார் முகாமைத்துவப் பட்டம் வேண்டாம். அதைப் பிள்ளை ஒருநாளும் கேட்டதில்லை. "கலியாணம் பேசும்போது டிகிரி என்று சொல்லலாம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல ஒரு வசனம் வேண்டுமென்று காணியை ஈடு வைப்பதா? இரண்டாம் வருடம் காசு முட்டினால் சித்தப்பா கட்டுவாரா என்று இப்போதே கேட்டுப்பாருங்கள். ரீச்சர் வேலை, தாதிப் பயிற்சி பற்றியெல்லாம் ஊரே சொல்லித்தரும், அதற்கு நான் தேவையில்லை.

அவள் கேட்பது மின்னியல். கிணற்று மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றபோது, மெயினை நிறுத்திவிட்டுக் கப்பாசிற்றரைக் கழற்றிப் புதிதாகப் பூட்டியது அவள்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி ரோச் பிடித்துக்கொண்டு நின்றானாம். நான் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில், ஏ9 வீதியோரம், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இலிருந்து இயங்குகிறது. அரச நிறுவகம். மின்னியல், வாகனம், இயந்திரவியல், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. கிடைப்பது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். டிகிரி வேண்டுமென்று பிறகு அவளே ஆசைப்பட்டால் கொழும்புப் பக்கம் இரத்மலானையில் இருக்கும் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம்வரை அந்த வழி போகும். எழுதிப் பாஸ் பண்ணுவது மட்டும் போதாது. வயர் இழுத்து, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துவிடும் டி.பி. போர்ட் பூட்டி, ஏர்த் சரியா என்று அளந்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

பெண்பிள்ளை ஏணியில் ஏறுவதா, தெரியாத வீட்டுக்குள் போவதா என்று அவளுடைய அப்பா கேட்கிறார். சரி, உங்கள் ஒழுங்கையையே பாருங்கள். கணவனை இழந்த பெண்கள், பிள்ளைகள் கனடாவிலிருக்கத் தனியே இருக்கும் அம்மாக்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தாலும், முன்பின் தெரியாத ஆம்பிளையை அறைக்குள் விடத் தயங்கி, பக்கத்து வீட்டுப் பெடியன் வரும்வரை இருட்டில் இருப்பார்கள். அவளை வீட்டுக்குள் இருக்கச் சொல்லும் அதே கட்டுப்பாடுதான் அவளுக்கு வேலையும் வைத்திருக்கிறது. சோலர் தகடு ஏறும் கூரைகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

காணியைச் சீதனமாகக் கொடுத்தால் பாதுகாப்பு என்பார்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண், கலியாணத்துக்குப் பிறகு தன் பெயரிலுள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. தொழிற்சான்றிதழைக் காட்டி வேலை எடுக்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. காணி இருக்கட்டும், அதை மட்டும் நம்பி அவளை இருத்தாதீர்கள்.

ஒருநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய் வாருங்கள். விடுதி எப்படி, மின்னியல் பிரிவில் எத்தனை பெண்பிள்ளைகள், அடுத்த சேர்ப்பு எப்போது என்று அங்கேயே கேளுங்கள். வேலைக்கூடத்துக்குள் அவளை முன்னால் விடுங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.