வைட்டமின் டி அளவு 18 என்று வந்திருக்கிறது. வயல்வெளியில் நிற்கும் எனக்கு எப்படிக் குறையும்?

எண்ணை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அலகை எழுதவில்லை. நம் பக்கத்து ஆய்வகங்கள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றே தருவதால், உங்களுடையதும் அதுதான் என்று கொள்கிறேன். ஒருவேளை நானோமோல் கணக்காக இருந்தால் இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். 18 என்பது ஏழுக்குச் சற்று மேல் என்றாகிவிடும், அது கடுமையான குறைபாடு.

அலகைவிட முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பரிசோதனையைச் செய்தார்கள் என்பதை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அத்தை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தைத் தாமே முன்னின்று பார்ப்பவர். இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மருத்துவர் சீட்டில் 'வைட்டமின் டி' என்று மட்டும் எழுதித் தர, இரத்தம் எடுத்த இடத்தில் இந்த வைட்டமினின் செயல்படும் வடிவத்தை அளக்கும், விலை கூடிய 1,25-டைஹைட்ராக்சி பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். 52 பிகோகிராம், இயல்பான அளவு என்று முடிவு வந்தது. அந்தத் தாளைக் காட்டியதும் வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர் அந்த 52-ஐப் பொருட்படுத்தவே இல்லை. பழைய தாள்களைப் புரட்டி, எலும்பு பாதிக்கப்படும்போது கூடக்கூடிய ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி இரண்டு முறையும் உயர்ந்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, 25-ஹைட்ராக்சி பரிசோதனை எழுதினார். முடிவு 8, இரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு ஹார்மோனும் கூடியிருந்தது. உடலின் கையிருப்பைக் காட்டுவது கல்லீரலில் உருவாகும் இந்த 25-ஹைட்ராக்சி வடிவம்தான். கையிருப்பு குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் சிறுநீரகத்தைத் தூண்டி, இருப்பதிலிருந்தே செயல்படும் வடிவத்தை உருவாக்க வைப்பதால், அந்த மற்றொரு எண் இயல்பாகவோ கூடுதலாகவோகூட வரலாம் என்று பொறுமையாக விளக்கினார். வாரம் ஒரு முறை 60,000 யூனிட், அதனுடன் கால்சியம் என்று தொடங்கினார். சில மாதங்களில் அத்தை கையை ஊன்றாமல் எழுந்தார்.

வெயிலில் நிற்பவருக்கு எப்படிக் குறையும் என்ற உங்கள் கேள்வியைத்தான் அத்தையும் கேட்டார். அவர் வயலுக்குப் போவது விடியற்காலையில், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார். மாலையில் மறுபடி ஒரு நடை. புடவைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நடவுக்கு வரும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். தோலில் இந்த வைட்டமின் உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் மிகுதி. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். நீங்களும் காலையும் மாலையும் மட்டும் செல்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் 18. 2011-இல் அமெரிக்காவில் ஹார்மோன் துறை மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 30-க்குக் கீழ் போதாது என்றது. அதே காலத்தில் அந்நாட்டின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், பெரும்பாலானோருக்கு 20 போதும் என்றது. 2024-இல் எண்டோகிரைன் சொசைட்டியே அந்த 30-ஐக் கைவிட்டதோடு, நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் கூறியது. ஆனாலும் பல ஆய்வகத் தாள்களில் 29 வந்தாலும் தடித்த எழுத்தில் குறை என்றே அச்சாகிறது; முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு என்ற பெயரில் நலமாக இருப்பவர்களை இப்படி அச்சுறுத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 18 என்பது குறைவுதான், ஆனால் அத்தையின் 8 அல்ல. எலும்பு வலியோ தசைத் தளர்ச்சியோ இருக்கிறதா, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் எப்படி இருக்கின்றன என்பவற்றோடு சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். படிக்காதவர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் வரக்கூடும். மருந்தின் அளவை நான் உங்களுக்குச் சொல்லவில்லை, தாளைப் படிக்கும் முறையை மட்டுமே சொல்கிறேன். மருந்துக் கடையில் நீங்களாகவே 60,000 யூனிட் வாங்கித் தினமும் விழுங்கிவிடாதீர்கள். அது பொதுவாக வாரத்துக்கு ஒன்று என்று குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரப்படுவது, அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருத்துவர் மருந்து எழுதினால், மறுபரிசோதனையை ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில், 25-ஹைட்ராக்சி என்று சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.