பரீட்சைக்கு மட்டும் எழுதச் சொன்னீர்களே, அதைப் பேசுவோம்

கேள்வி: அம்மா, அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறேன். பெந்தெகொஸ்தே குடும்பம். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். என் அம்மா உட்பட எல்லாரும் உட்காருவோம். பிளஸ் டூ படிக்கும் மகளிடம் போன மாதம், கடவுள் உலகத்தைப் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பைபிளில் வாசிக்கச் சொன்னேன். "ஆறு நாளில் இப்படி நடந்திருக்கும்னு எனக்குத் தோணலைப்பா, நான் வாசிக்கலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து ஜெபத்துக்கு வருவதில்லை. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டதற்குச் சிரிக்கிறாள். பூமிக்கே ஆறாயிரம் வயசுதான் என்றாலும் கேட்பதில்லை. டார்வினே சாகும்போது மனந்திரும்பினார் என்கிற வீடியோவை அனுப்பினேன், பதில் இல்லை. இத்தனைக்கும் பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் வந்தபோதே "பரீட்சைக்கு எழுது, மார்க் வாங்கு, மனசில் மட்டும் ஏத்திக்காதே" என்று சொல்லித்தான் வைத்திருந்தேன். அவள் நீட் எழுதி டாக்டராக வேண்டும் என்பது எங்கள் ஜெபம். பாஸ்டரைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாமா? அவளை விசுவாசத்துக்கு எப்படித் திருப்புவது?

பதில்: தம்பி, பாஸ்டர், டார்வின், குரங்கு எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும். "பரீட்சைக்கு எழுது, மனசில் மட்டும் ஏத்திக்காதே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் வீட்டுப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதை ஏதோ முன்ஜாக்கிரதையாகச் செய்த நல்ல காரியம் மாதிரி வேறு சொல்கிறீர்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்ன? ஆதாயம் வருமென்றால் பொய் என்று நினைப்பதையும் கையெழுத்து அழகாக எழுதிக் கொடுக்கலாம், உள்ளுக்குள் வேறு வைத்துக்கொள்ளலாம் என்பதுதானே? நீங்கள் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை அவள் ஒழுங்காகப் படித்திருந்தால் போன மாதம் என்ன செய்திருப்பாள் தெரியுமா? பைபிளைக் கையில் வாங்கி, முதல் அதிகாரத்தை முப்பத்தோரு வசனமும் தப்பில்லாமல் வாசித்து, ஆமென் சொல்லி, போய்ப் படுத்திருப்பாள். ஜெபத்துக்கு வாசி, மனசில் ஏத்திக்காதே. உங்கள் சூத்திரமேதான், பக்கம் மட்டும் மாறியிருக்கும். நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், எனக்குக் கடிதமும் வந்திருக்காது. அவள் அப்படிச் செய்யவில்லை. நம்பாததை வாசிக்க மாட்டேன் என்று அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இத்தனை வருஷமாக எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, அப்பா அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வேறு வாழ்க்கை நடத்துகிற பிள்ளைகளைப் பற்றியவை. உங்களுக்கு வாய்த்தது அந்த ரகமில்லை. அதற்காக நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்!

சரி, டாக்டர் கனவுக்கு வருவோம். பரிணாமம் மருத்துவத்துக்குள் எங்கே வருகிறது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, அப்புறம் சிலவற்றைக் குறைத்து, மொத்தம் ஆறு மாதம் விடாமல் சாப்பிடச் சொல்கிறார்களே, ஏன்? உடம்புக்குள் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சிலவற்றுக்குத் தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு மருந்தைத் தாங்கும் சக்தி இருக்கும், அந்த ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து அந்தச் சில மட்டும் பிழைத்துப் பெருகும், அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது. டார்வின் 1859-இல் எழுதிய இயற்கைத் தேர்வு இதுதான், நோயாளியின் நுரையீரலுக்குள் சில மாதங்களிலேயே நடக்கிறது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கும்போதே, மருந்தைக் குறைவாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். இதையெல்லாம் பரீட்சைக்கு மட்டும் எழுதிவிட்டு மனசில் ஏற்றிக்கொள்ளாத ஒரு டாக்டரிடம் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? நான் போக மாட்டேன். அந்தப் பாடத்துக்கு வரும் மார்க் வேண்டும், அதனால் வரும் சீட் வேண்டும், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வேண்டும், பாடம் மட்டும் பிசாசின் பொய். இது பேராசை, தம்பி. இதற்கு விசுவாசம் என்று பேர் வைக்காதீர்கள்.

அவள் ஏன் சிரித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று எந்த உயிரியல் புத்தகமும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதை எப்போதோ இருந்தது, அங்கிருந்து கிளைகள் பிரிந்தன என்றுதான் சொல்கிறது. உங்கள் பெரியப்பா மகன் இன்னும் ஊரில் நன்றாக இருக்கிறார் என்பதால் நீங்கள் உங்கள் தாத்தாவுக்குப் பேரன் இல்லை என்று ஆகிவிடுமா? இன்னொன்று, முதல் உயிர் எப்படி உண்டானது என்பது வேறு கேள்வி. 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சியபோது அமினோ அமிலங்கள் உண்டாயின. அது உயிரின் செங்கல்தான், உயிர் இல்லை. அந்தக் கேள்விக்கு அறிவியலிடம் முடிவான விடை இன்னும் கிடையாது, அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் உயிர் வந்த பிறகு அது எப்படி மாறி மாறிப் பெருகியது என்பதற்கு மலை மலையாகச் சாட்சி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வருவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வீடியோ போடுகிறவர்கள் தெரிந்தே குழப்புகிறார்கள்.

மலை என்றேன். அது உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் எப்படி வந்தது? கடல் நிலத்துக்குள் ஏறி நின்ற காலத்தில், ஏறத்தாழ பத்துக் கோடி வருஷத்திலிருந்து ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்பு வரை, அதில் வாழ்ந்து செத்த சிப்பிகளும் மற்றப் பிராணிகளும் படிந்து இறுகிய அடுக்குகள் அங்கே இருக்கின்றன. சுருள் சுருளாக நத்தை மாதிரி, அம்மோனைட் என்கிற அழிந்துபோன கடல் பிராணியின் கற்கள் சுரங்கத்தில் எத்தனை பார்த்திருப்பீர்கள்! உலகமெங்கும் இருந்து நிலவியல்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊரில் இருந்துகொண்டு, அந்தப் பிராணிகளின் ஓட்டிலிருந்து வருகிற சம்பளத்தில் மகளுக்கு நீட் கோச்சிங் ஃபீஸும் கட்டிக்கொண்டு, பூமிக்கு ஆறாயிரம் வயசு என்கிறீர்கள். அந்தக் கணக்கு பைபிளில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். அயர்லாந்தில் அஷர் என்கிற ஆர்ச்பிஷப், வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, கிறிஸ்துவுக்கு முன் 4004 என்று 1650-இல் போட்ட கணக்கு அது. பின்னால் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அச்சடித்தார்கள், வேதமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே பரிசுத்த அகஸ்தீன் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போது, வானத்தையும் பூமியையும் பற்றி ஒன்றும் தெரியாமல் வேதத்தின் பேரால் உளறி, தெரிந்தவர்கள் முன்னால் வேதத்தையே கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கண்டித்திருக்கிறார். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல் பரிணாமத்தை வெறும் ஊகமல்ல என்று ஏற்றுக்கொண்டதும் உங்கள் சபைக்குப் பொருட்டில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் பிரான்சிஸ் காலின்ஸைப் பாருங்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், தன் விசுவாசத்தை வெளிப்படையாகச் சாட்சி சொல்கிற சுவிசேஷ கிறிஸ்தவர், பரிணாமத்தையும் முழுசாக ஏற்றவர். உங்கள் மகள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அவளிடம் சொன்னது டார்வின் இல்லை. நீங்கள் சொன்னீர்கள்.

(இது உங்கள் சபைக்கு மட்டுமான வியாதி என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். 2018-இல் ஒரு மத்திய இணையமைச்சர், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தப்பு என்றார். 2023-இல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தையே எடுத்துவிட்டது. பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அப்புறம் அது கண்ணிலேயே படாது. நம் மாநிலப் பாடப்புத்தகத்தில் பத்தாவதிலேயே இருப்பது நல்ல விஷயம்.)

இப்போது அந்த வீடியோ. டார்வின் இறந்தது 1882, ஏப்ரல் 19. அவர் படுக்கையில் பைபிள் வாசித்து வருந்தினார் என்ற கதை, லேடி ஹோப் என்கிற பிரசங்கியார் சொன்னதாக அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது 1915-இல். முப்பத்து மூன்று வருஷம் கழித்து! அதை மறுத்தது யார் தெரியுமா? அவர் மகள் ஹென்ரியட்டா. அப்பா சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன், அந்த அம்மாள் அவருடைய கடைசி நோயின்போதும் வரவில்லை, வேறு எந்த நோயின்போதும் வரவில்லை என்று 1922-இல் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையிலேயே எழுதினார். உங்கள் மகள் இதை இரண்டு நிமிஷத்தில் தேடிப் பார்த்திருப்பாள். பொய்யை அனுப்பிய அப்பாவுக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் சும்மா இருந்திருப்பாள். அதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொள்வேன்.

டார்வின் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கதை வேறு இருக்கிறது. அவர் கட்டிக்கொண்டது சொந்த மாமன் மகள் எம்மாவை. எம்மா பக்தியுள்ள பெண். கல்யாணத்துக்கு முன்னால் டார்வினின் அப்பா, அவரும் டாக்டர்தான், மகனைக் கூப்பிட்டு, உனக்கு இருக்கிற சந்தேகங்களையெல்லாம் பெண்டாட்டியிடம் சொல்லாதே, மறைத்துவிடு என்று புத்தி சொன்னார். உங்கள் புத்திமதிக்கு அண்ணன் மாதிரி இல்லை? மகன் கேட்கவில்லை. எம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவளுக்கு வலித்தது. கல்யாணமான புதிதில், நாம் என்றென்றைக்கும் சேர்ந்திருக்க மாட்டோமோ என்கிற பயத்தை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தாள். அவர் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். இதை எத்தனையோ தடவை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதன் அடியில் எழுதியும் வைத்தார். நாற்பத்து மூன்று வருஷம் அந்தக் குடும்பம் நடந்தது. பத்துப் பிள்ளைகள், மூன்று சின்ன வயசிலேயே இறந்தன. எம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள், அவர் போகவில்லை, அதற்காக வீட்டை உடைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மனசு இருக்கலாம், தம்பி. ஒரே மனசுக்குள் இரண்டு வைத்துக்கொள்ளச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் மகளையும் நான் சும்மா விடப் போவதில்லை. இந்தப் பத்தியை அவளிடம் காட்டுங்கள். வாசிக்க மாட்டேன் என்று சொன்னது சரி. எழுந்து போனது சரியில்லை, அதற்கப்புறம் ஒரு மாதமாக வராமல் இருப்பது அதைவிடச் சரியில்லை. அந்தப் பாயில் உட்காருவது ஆறு நாள் கணக்குக்குக் கையெழுத்துப் போடுவது ஆகாது. பாட்டிக்கு அந்த அரைமணி நேரம்தான் நாள் முழுக்கக் காத்திருக்கிற நேரம், பேத்தி இல்லாத பாயைப் பார்த்துக்கொண்டு அந்தக் கிழவி எப்படி ஜெபம் பண்ணும்? குடும்பம் ஒன்றாக உட்காருவது கடமை என்று நினைக்கிறவள் நான், இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற பழக்கம் கிடையாது. வரட்டும், உட்காரட்டும், மனசுக்கு ஒப்புகிற ஒரு சங்கீதத்தைப் பைபிளிலிருந்து வாசிக்கட்டும். எதுவும் ஒப்பவில்லையென்றால் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கட்டும்.

பாஸ்டரைக் கூப்பிடாதீர்கள். ஒரு பதினேழு வயசுப் பெண்ணை நடுவில் உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டு, சுற்றிலும் நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் சரி என்று சொல்லிவிடுவாள். அத்தோடு உங்களிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிடுவாள். பேசவேண்டியவர் நீங்கள். "பத்தாவதில் நான் உனக்குச் சொன்னது தப்பு, மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று எழுத அப்பா சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவளுடைய பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் பரிணாமப் பாடத்தைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நீங்களே முழுசாகப் படியுங்கள். புரியாத இடத்தில் அவளைக் கேளுங்கள். படித்த பிறகும் ஆறு நாள்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் அவளிடம் நேராகச் சொல்லுங்கள், அவள் உங்களைச் சகித்துக்கொள்வாள்.

அப்புறம், அந்த லேடி ஹோப் வீடியோவைச் சபை குரூப்பில், சொந்தக்காரர்கள் குரூப்பில் என்று எங்கெல்லாம் அனுப்பினீர்களோ அங்கெல்லாம், அது உண்மையில்லை என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கே.