50 கேசட்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?

கேள்வி: நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாயில் ஓடுகிற மாதிரி, ஜிபி ஸ்டுடியோ என்ற மென்பொருளில் நானே ஒரு கேம் செய்திருக்கிறேன். நாயகன் உருவம் ஒரு நிண்டெண்டோ கேமில் இருந்து எடுத்தது, தொப்பியை மட்டும் மாற்றினேன். பின்னணியில் 80களின் சினிமாப் பாட்டு ஒன்று, பீப் ஒலியில் நானே கோத்தது. கேம்பாயில் செருகி விளையாடும் கேம் கேசட்டாக 50 மட்டும் போட்டு விற்கலாமா? சோதித்துப் பார்க்கக் கொடுத்த ரோம் கோப்பை (கேம் முழுதும் அடங்கிய கோப்பு) வேறு யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார். – வாசகர், கோவை

பதில்: முதலில் அந்த 50-ஐ மறந்துவிடுங்கள். இத்தனை பிரதி வரை விற்றால் பரவாயில்லை என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு கணக்கு கிடையாது. வீட்டில் நீங்கள் மட்டும் விளையாட ஒரு கேசட் செய்தால் சொந்த உபயோகம் என்று வாதாட 52-வது பிரிவில் இடம் உண்டு, விலை வைத்து இன்னொருவருக்கு விற்றுவிட்டால் அந்த வாதம் நிற்காது. தெரிந்தே மீறினால் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நோட்டீஸ் வரலாம். கமடோர் 64 என்ற பழைய கணினிக்கு நிண்டெண்டோவின் சூப்பர் மரியோ கேமைக் கொண்டுவர ஒருவர் ஏழு ஆண்டு உழைத்து 2019-ல் இலவசமாகவே வெளியிட்டார், சில நாளிலேயே நிண்டெண்டோ புகார் கொடுத்து இறக்க வைத்தது. உங்கள் உழைப்புக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

தொப்பியை மாற்றியது போதாது, உருவத்தைப் புதிதாக வரையுங்கள். ஆனால் ஓடுவது, குதிப்பது, காசு பொறுக்குவது எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டைப் போலவே கொல்கத்தா சகோதரர்கள் இணையத்தில் நடத்திய ஸ்கிராபுலஸ் மீதான வழக்கில் 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம், ஆட்டப் பலகைக்குப் பதிப்புரிமை கேட்ட மேட்டல் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை, பெயரைப் பயன்படுத்தத்தான் தடை போட்டது. அதனால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். லேபிளில் 'கேம்பாயில் ஓடும்' என்று சின்னதாக எழுதலாம், நிண்டெண்டோ சின்னம் வேண்டாம்.

பாட்டு விஷயம்தான் எனக்குக் கவலை. நானே கோத்தேன் என்பது ஒலிப்பதிவுக்காரரிடம் இருந்துதான் உங்களைக் காப்பாற்றும். மெட்டுக்குத் தனி உரிமை உண்டு, அது இசையமைப்பாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும், பீப் ஒலிக்கு மாற்றுவதும் அதைத் தழுவிச் செய்வதுதான். கவர் வெர்ஷன் போடலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: அதை அனுமதிக்கும் 31சி பிரிவு ஒலிப்பதிவுக்கு மட்டுமானது, அதிலும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்டச் சொல்கிறது. 50 கேசட்டுக்கு அது கட்டுப்படியாகுமா? இசை தெரிந்த நண்பரிடம் புது மெட்டு கேளுங்கள், அதன் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேசட் கேட்டால் சிக்கல்.

சரி, ரோமை ஏற்றியவருக்கு வருவோம். காசு கொடுத்து வாங்கியவர் தன் கேசட் பழுதானால் இருக்கட்டும் என்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஊருக்குப் பங்கு வைக்க முடியாது. நீங்கள் எழுதிய நிரலும் வடிவமைத்த ஆட்டக் கட்டங்களும் (லெவல்) பதிவு செய்யாமலே உங்களுக்குச் சொந்தம். அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இந்தியச் சட்டப்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலை நிறுத்த வேண்டும், 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தராவிட்டால் திரும்ப வைத்துவிடலாம். புகாரில் நிரலையும் கட்டங்களையும் மட்டும் கேளுங்கள், அந்த நாயகனையும் பாட்டையும் உங்களுடையது என்று ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். தேதியோடு உள்ள பழைய புராஜெக்ட் கோப்புகள்தான் உங்கள் சாட்சி, இன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.