பூட்டு வெளியே தொங்க வேண்டாம்

கேள்வி: திருச்சிக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் வீடு பூட்டித்தான் கிடக்கும். போன வாரம் எங்கள் தெருவில், குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்த குடும்பத்தின் வீட்டை உடைத்து நகைகளை எடுத்துப் போய்விட்டார்கள். கணவர் நாலு கேமரா மாட்ட விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். மாமியாரோ, "ஊருக்குள்ளேயே வீடு பார்த்திருக்கலாம்" என்கிறார். அடுத்தது எங்கள் வீடாக இருக்குமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் பயத்தை வீண் பயம் என்று தள்ள மாட்டேன். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால், அடுத்த சில வாரங்களுக்கு அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆபத்து வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பல நாடுகளில் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். வந்தவனுக்கு வழி பழகிவிட்டது. எந்தச் சுவர் தாழ்வு, எந்த வீட்டில் நாய் இல்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால் கேமராக்காரர் விலை சொல்லும்வரை காத்திருக்காமல், செய்வதை இந்த வாரமே செய்யுங்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டை எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். கேட்டின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. வாசலில் கோலம் இல்லை. கேட் இடுக்கில் நேற்றைய பிட் நோட்டீஸ். பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு. 'வீட்டில் ஆள் இல்லை' என்று நாமே போர்டு மாட்டிவைத்த மாதிரிதான். திருடன் பெரும்பாலும் பணக்கார வீட்டைவிட ஆளில்லாத வீட்டைத்தான் தேடுகிறான். கேட்டுக்குப் பூட்டை உள்பக்கமாகக் கைவிட்டுப் பூட்டுகிறமாதிரி வையுங்கள். வெளியூர் போனால் பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் உங்கள் வாசலிலும் நாலு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோயில் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது ஊர் திரும்பிய பிறகு இருக்கட்டும்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வசதி பெருகியும் திருட்டு ஏன் கூடியது என்று கோஹன், ஃபெல்சன் என்ற இருவர் 1979-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். திருட நினைப்பவன், எடுக்கத் தோதான பொருள், காவலுக்கு ஆள் இல்லாத நேரம் – மூன்றும் ஒன்றுகூடும்போது குற்றம் நடக்கிறது. பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கியதால் பகலில் வீடுகள் காலியாயின. கையில் தூக்கிப்போகிற அளவில் விலையுயர்ந்த சாமான்களும் வந்துவிட்டன. (இதைக் கேட்டுவிட்டு, "பார், நீ வேலைக்குப் போவதால்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். அந்தக் காவலைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் தரலாம்.) நம் ஊரில் தோதான பொருள் தங்கம். தாலிச் சங்கிலியும் தினமும் போடுகிற தோடும் போக மற்றதை வங்கி லாக்கரில் வையுங்கள். பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கதவுக்கு வருவோம். வீட்டை உடைக்கிறவன் பல நேரம் பூட்டைத் தொடுவதே இல்லை. கம்பியை விட்டு நாதாங்கியை நெம்பிவிடுகிறான். அரை அங்குல ஸ்குரூவில் நிற்கிற நாதாங்கிக்கு ஆயிரம் ரூபாய்ப் பூட்டு போட்டு என்ன பயன்? கதவை ஊடுருவிப் போகிற போல்ட்டும், உள்பக்கம் நட்டும் போடச் சொல்லுங்கள். முன்கதவுக்குத் தேக்கு போட்டுவிட்டுப் பின்கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் மெல்லிய கதவு மாட்டுவது நம் வீடுகளில் சகஜம். முதலில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் கிர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு. 1980-களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். காசு போட்டால் எரிவாயுவும் மின்சாரமும் வருகிற மீட்டர்கள் பல வீடுகளில் இருந்தன. அதற்குள் சேர்ந்த காசுக்காகவே வந்தார்கள். அந்த மீட்டர்களை அகற்றினார்கள். திருட்டு போன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. திருட்டு போன வீட்டிலேயே மறுபடி திருடுவதும் ஏறக்குறைய நின்றது. உங்கள் தெருவுக்கும் இதுதான் வேண்டும். ஊரையே திரட்டிச் சங்கம் ஆரம்பிக்க வேண்டாம். உங்களைச் சுற்றி ஐந்து வீடு, ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் குட் மார்னிங் படங்களுக்குத் தடை. அது போதும்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. புது லேஅவுட்டில் காலி மனை, கருவேலம்புதர், பாதி கட்டி நிற்கிற வீடு, இதெல்லாம் ஒளிய இடம். ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் போகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டுபோய் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விளக்குகளை மேம்படுத்திய பல பகுதிகளில் இரவுக் குற்றங்களோடு பகல் குற்றங்களும் குறைந்தன. தெருவைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடுகிறது போல. புதரை வெட்ட மனைக்காரரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து வீடும் பணம் போட்டு வெட்டிவிடுங்கள்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலுக்குப் பதில் இரண்டு போதும்: ஒன்று கேட்டுக்கு, ஒன்று பின்வாசலுக்கு. பதிவுப் பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அதையும் சேர்த்துக் கழற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சப்படும் பணத்தில் பின்கதவை மாற்றிவிடலாம். வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் இரவு ரோந்தில் உங்கள் வீட்டையும் பார்ப்பார்கள். வேலைக்கு வருகிற அம்மாவை மட்டும் ஆதாரமில்லாமல் சந்தேகப்படாதீர்கள். பகலில் உங்கள் வீட்டுக்குக் காவல்போல வந்துபோகிற ஒரே ஆள் அவராகக்கூட இருக்கலாம்.

இன்று மாலை அந்தத் திருட்டு போன வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எந்தப் பக்கமாக உள்ளே வந்தான் என்று கேளுங்கள். உங்கள் வீட்டையும் அதே மேஸ்திரிதான் கட்டினார் என்றால், ஆசாரியை நாளைக்கே வரச் சொல்லிவிடுங்கள்.